பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், புதுநன்மை வாங்கவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகக் கூட்டப்பெற்ற கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)





பொன்விழா ஆண்டிலே நமது பங்கில் எத்தனையோ காரியங்கள் நடைபெற்று வருகின்றன. கோயிலுக்கு வெள்ளையடித்தோம். கொடிமரத்தைச் சீர்ப்படுத்தினோம். மணிக்கூண்டுக்கு விளக்குப் போட்டோம். எல்லாம் நல்ல காரியங்களே. உழைத்தவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் ஆண்டவர் நூறு மடங்காகத் திருப்பித் தருவார். ஆயினும் கோயில் சுவரைப் புதுப்பித்துவிட்டு, குடும்பங்களைப் பழுதடைந்த நிலையிலேயே விட்டுவிடுவோமானால், நாம் எடுத்த விழா சுவருக்கு எடுத்த விழாவாகத்தான் முடியும். ஆகவேதான் இன்று உங்களைத் தனியாக அழைத்தேன்.

பங்கு மனைக்கு வருகிற பெற்றோர் பலர் ஒரே விண்ணப்பத்தோடு வருகிறார்கள். "சாமி, பையன் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நீங்கள் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்" என்கிறார்கள். நானும் சொல்கிறேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "சரி சாமி, சரி சாமி" என்கிறான். பத்து நிமிடத்தில் அவனுக்கும் நிம்மதி, பெற்றோருக்கும் நிம்மதி. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையும் ஞானோபதேச வகுப்பும் சேர்ந்து இரண்டு மணி நேரம். பள்ளிக்கூடத்தையும் தூக்கத்தையும் கழித்துவிட்டாலும், எங்களிடம் இருப்பதைப்போல் பல மடங்கு நேரம் அந்தப் பிள்ளை உங்கள் கண் முன்னே இருக்கிறது. அதைவிட முக்கியம், நீங்கள் அதன் கண் முன்னே இருக்கிறீர்கள்.

நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்: பிள்ளைக்கு நாம் புத்தி சொல்லும் நேரம் கொஞ்சம், அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமோ அதிகம். நாம் போதிப்பதாக நினைத்துப் பேசும்போது அல்ல, போதிப்பதாகவே நினையாமல் சாதாரணமாக நடந்துகொள்ளும்போதுதான் பிள்ளை நம்மிடமிருந்து அதிகமாகப் படித்துக்கொள்கிறது.

திருச்சபையின் போதனை

இது நானாகக் கண்டுபிடித்த புதுமை அல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டிலே, குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. அங்கே பெற்றோர்தாம் தம் சொல்லாலும் முன்மாதிரிகையாலும் பிள்ளைகளுக்கு முதல் போதகர்கள் என்றும் கூறிற்று. அடுத்த ஆண்டே, 1965இல், கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டிலே, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே, அவர்கள் அந்தக் கடமையில் தவறினால் வேறெவராலும் அதை ஈடுசெய்வது அரிது என்று எச்சரித்தது. கவனியுங்கள்! பங்குச் சாமியாலும் ஈடுசெய்ய முடியாது, கன்னியர் பள்ளிக்கூடத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

உங்கள் பிள்ளையின் ஞானஸ்நானத்தை நினைத்துப் பாருங்கள். பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியைக் குழந்தையின் கையில் கொடுக்க முடியாது என்பதால் உங்கள் கையில் கொடுத்தோம். இந்த ஒளியை அணையாமல் காத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்றோம். சடங்கின் முடிவிலே தாயையும் தந்தையையும் ஆசீர்வதிக்கும்போது, விசுவாசத்தில் இக்குழந்தைக்கு முதல் ஆசிரியர்கள் நீங்களே, சிறந்த ஆசிரியர்களாகவும் விளங்குவீர்களாக என்று வேண்டிக்கொண்டோம். அன்று நீங்கள் 'ஆமென்' என்றீர்கள். அந்த மெழுகுதிரி இப்போது உங்கள் வீட்டு அலமாரியில் எந்த மூலையில் இருக்கிறதோ தெரியாது. ஆனால் அந்த 'ஆமென்' ஆண்டவரிடம் பத்திரமாக இருக்கிறது.

பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1975ஆம் ஆண்டிலே எழுதிய மடலில், இக்கால மனிதன் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே அதிகமாகச் செவிசாய்க்கிறான் என்ற கருத்தை வலியுறுத்தினார். பெரியவர்களே அப்படி என்றால், பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? குருமடத்திலே எங்களுக்கு ஒரு இலத்தீன் பழமொழி சொல்லிக்கொடுப்பார்கள். சொற்கள் கற்பிக்கும், முன்மாதிரிகையோ இழுத்துக்கொண்டு போகும் என்பது அதன் பொருள். நம் ஊர்ப் பாட்டிமார் இலத்தீன் படிக்காமலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை.

பேசாத சூசையப்பர்

அன்பர்களே, நமது பங்கின் பாதுகாவலர் புனித சூசையப்பர். மார்ச்சு 19ஆம் தேதி அவருக்குத் திருவிழா எடுக்கிறோம், சப்பரம் தூக்குகிறோம். அவர் பேசியதாக நான்கு நற்செய்தி நூல்களிலும் ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சக்கரியாசு பேசியிருக்கிறார், சிமியோன் பேசியிருக்கிறார். ஏரோதுகூடப் பேசியிருக்கிறான். இறைமகனை வளர்க்கும் பொறுப்பைப் பெற்ற சூசையப்பரின் சொல் மட்டும் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

ஆனால் அவர் செய்தவை இருக்கின்றன. அவர் நீதிமான். மரியாளின் நிலையை அறிந்தபோது, சட்டத்தைக் காட்டி ஊரறிய அவமானப்படுத்த வாய்ப்பு இருந்தும், அந்தப் பெண்ணின் மானத்தைக் காக்கவே நினைத்தார். இரவிலே கட்டளை வந்தபோது இரவிலேயே எழுந்து, தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார். ஆண்டுதோறும் பாஸ்காத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு யெருசலேமுக்குப் பயணம் செய்தார். தச்சு வேலை செய்து வீட்டைக் காப்பாற்றினார்.

இவையெல்லாம் பிள்ளையின் மேல் எப்படிப் படிந்தன? ஊரார் இயேசுவை முதலில் தச்சனின் மகன் என்றார்கள். தச்சன் என்றே அழைத்ததாகவும் மாற்கு எழுதுகிறார். தந்தையின் தொழில் மகனின் கைக்கு வந்துவிட்டது. ஒரு பெண்ணை நடுவிலே நிறுத்திக் கல்லெறிய முற்பட்டவர்கள் முன்னே ஆண்டவர் நடந்துகொண்ட விதத்தைப் படிக்கும்போதெல்லாம், நாசரேத்து வீட்டிலே அவர் கண்டு வளர்ந்த அந்த நீதிமானையும் சேர்த்தே நான் தியானிப்பதுண்டு. கடவுளை 'அப்பா' என்று அழைக்க நமக்குக் கற்றுத்தந்தவர் நம் ஆண்டவர். மனிதப் பிள்ளையாக அந்தச் சொல்லை அவர் முதன்முதலில் சொல்லிப் பழகியது சூசையப்பரைப் பார்த்துத்தானே!

தந்தையரே, இதை நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். உங்கள் பிள்ளைக்குக் கடவுளைத் தந்தை என்று நாங்கள் ஞானோபதேசத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். தந்தை என்றதும் அதன் மனத்தில் எந்த முகம் தோன்றும்? உங்கள் முகந்தான்.

பார்த்ததைச் செய்யும் பிள்ளை

1961ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். மழலையர் பள்ளியைச் சேர்ந்த 72 குழந்தைகளைத் தெரிந்துகொண்டார். அவர்களுள் ஒரு பகுதியினர் பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைச் சுத்தியலால் அடித்தார், உதைத்தார், திட்டினார். வேறு சில குழந்தைகள் முன்னே பெரியவர் அமைதியாக இருந்தார். பிறகு குழந்தைகளை அதே போன்ற பொம்மையோடு விளையாட விட்டபோது, அடித்ததைப் பார்த்த பிள்ளைகளில் பலர் அதேபோல அடித்தார்கள். அவர் சொன்ன வார்த்தைகளைக்கூட அப்படியே திருப்பிச் சொன்னார்கள். இப்படிச் செய் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தார்கள், அது போதுமானதாயிற்று.

இதற்கு அமெரிக்கா போக வேண்டியதுகூட இல்லை. உங்கள் பிள்ளைகள் சொப்பு வைத்து வீடு விளையாட்டு விளையாடும்போது சற்று ஒதுங்கி நின்று கேளுங்கள். அப்பாவாக நடிக்கிற பையன் எந்தக் குரலில் பேசுகிறான்? அம்மாவாக நடிக்கிற பெண் யாரைத் திட்டுகிறாள்? உங்கள் வீட்டுக் கதை முழுவதும் திண்ணையில் அரங்கேறிக்கொண்டிருக்கும்!

ஆகவே நம் வீடுகளிலே பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று இனி ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது: உண்மை

கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார். "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிறோம். அது வெளியே போய், "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார்" என்கிறது. நாம் சிரிக்கிறோம். இன்னும் இரண்டு வருடத்தில் அதே பிள்ளை பிசகில்லாமல் பொய் சொல்லப் பழகிவிடும். அது உங்களிடமே வந்து பொய் சொல்லும்போது சிரிப்பு வராது.

உறவினர் கல்யாணத்துக்கு இரண்டு நாள் போய்விட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதுகிறோம். கையெழுத்துப் போடுவது தந்தை. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளை. பேருந்திலே அரை டிக்கெட்டுக்காக வயதைக் குறைத்துச் சொல்லச் சொல்கிறோம். மிச்சப்பட்டது சில ரூபாய். அதற்கு விலையாகக் கொடுத்தது அந்தப் பிள்ளையின் மனசாட்சி. பிறகு அதே பிள்ளையைப் புதுநன்மைக்குத் தயாரிக்கும்போது, "பொய் சொல்வது பாவமா?" என்று நாங்கள் கேட்கிறோம். "ஆம் சாமி" என்று மனப்பாடமாகப் பதில் வருகிறது. வாய் ஞானோபதேசத்தைச் சொல்கிறது. மனமோ வீட்டில் கண்டதை நம்புகிறது.

இரண்டாவது: நாவு

பூசை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலே என்ன பேசுகிறோம்? யார் என்ன சேலை உடுத்தியிருந்தார்கள், யார் வீட்டுப் பெண் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள், பாடற்குழுவில் யாருக்குக் குரல் சரியில்லை! பிரசங்கம் நீளம் என்று சாமியைப் பற்றியும் இரண்டு வார்த்தை உண்டு. அது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். இவற்றையெல்லாம் பிள்ளை கேட்டுக்கொண்டு நடந்து வருகிறது. நற்கருணை வாங்கிய நாவு அரை மணி நேரத்துக்குள் பிறரை அறுக்கும் நாவாக மாறுவதைக் கண்டால், அந்தப் பிள்ளைக்கு நற்கருணையின் மேல் என்ன மரியாதை உண்டாகும்?

மூன்றாவது: பிறரை மதித்தல்

இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

எந்தக் குழந்தையும் சாதியைத் தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. தெருவிலே யாரோடும் ஓடி விளையாடும். யார் கையில் கொடுத்தாலும் மிட்டாய் வாங்கித் தின்னும். அது பிரிவினையைப் படித்துக்கொள்வது வீட்டிலேதான். அதற்கென்று நாம் வகுப்பு நடத்துவதில்லை. வீட்டுவேலைக்கு வருகிற அம்மாவுக்குக் காப்பி கொடுக்க ஒரு தனி டம்ளர் கொல்லைப்புறச் சன்னலில் இருக்கிறது. அது ஏன் தனியாக இருக்கிறது என்று பிள்ளைக்கு யாரும் விளக்குவதில்லை. ஆனாலும் அது விளங்கிக்கொள்கிறது. எழுபது வயதுப் பெரியவரை அப்பா "வா, போ" என்று அழைக்கிறார். வேறொரு தெருவைச் சேர்ந்த முப்பது வயதுக்காரரை "வாங்க, உட்காருங்க" என்கிறார். பிள்ளை இரண்டையும் பார்க்கிறது. "அந்தப் பையன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே" என்று அம்மா காதோடு சொல்கிறாள். பூசையில் சமாதானம் கூறும் வேளையில் வலப்பக்கம் திரும்புகிறவர்கள் இடப்பக்கம் திரும்பாமலே நிற்கிறார்கள். அதையும் பிள்ளை பார்க்கிறது.

2022ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி உரோமையிலே நமது தேவசகாயம் பிள்ளை புனிதராக உயர்த்தப்பட்டபோது, நாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்! இந்தியாவில் பிறந்த பொதுநிலையினருள் முதல் புனிதர். குருவும் அல்ல, துறவியும் அல்ல, நம்மைப்போல் குடும்பஸ்தர். நட்டாலத்திலே உயர்குலம் எனப்பட்ட குடும்பத்தில் 1712இல் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்து, 1745இல் வடக்கன்குளத்திலே ஞானஸ்நானம் பெற்றவர். 1752 சனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காட்டிலே சுட்டுக்கொல்லப்பட்டார். சாதி வேற்றுமை பாராட்டாமல் எல்லோரும் சமம் என்று அவர் வலியுறுத்தினார் என்பதையும், அதனால் மேல்மட்டத்தாரின் வெறுப்பைத் தேடிக்கொண்டார் என்பதையும் அவரது வரலாறு கூறுகிறது. அவர் படத்தை வரவேற்பறையில் மாட்டிவைத்துவிட்டு, அந்தத் தனி டம்ளரையும் கொல்லைப்புறத்தில் வைத்திருந்தால், பிள்ளை எதை நம்பும்? படத்தையா, டம்ளரையா?

இந்தப் பொன்விழாவுக்கு நன்கொடை கொடுக்க இயலாதவர்கள் இருக்கலாம். ஆனால் அந்த டம்ளரைத் தூக்கி எறிய யாருக்கும் பணம் தேவையில்லை. பிள்ளைகள் பார்க்கும்படியே எறிந்துவிடுங்கள்.

நான்காவது: கணவன் மனைவி

பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய சொத்து, நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் மதித்து நடப்பது. தாயைத் தந்தை அடிப்பதைப் பார்த்து வளரும் மகன், பெண்ணை அடிக்கலாம் என்று படித்துக்கொள்கிறான். மகளோ, அடியை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று படித்துக்கொள்கிறாள். இரண்டில் எது பெரிய கேடு என்று சொல்லத் தெரியவில்லை. சம்பள நாளன்று அப்பா மதுக்கடை வழியாக வருவாரோ, நேராக வருவாரோ என்று கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தில் மனம் எப்படிச் செல்லும்? குடித்துவிட்டுக் குடியின் தீமையைப் பற்றி மகனுக்குப் புத்தி சொல்லும் தந்தையரும் நம்மிடையே உண்டு. அந்தப் புத்திமதி காற்றோடு போகும். வாசனைதான் வீட்டில் நிற்கும்.

சகோதரிகளே, நீங்கள் பொறுமையோடு அடிபட்டுக்கொண்டே இருங்கள் என்று திருச்சபை ஒருநாளும் சொல்வதில்லை. அடிக்கிற கையைத் தடுப்பது பாவமல்ல. வெட்கப்படாமல் வந்து சொல்லுங்கள். உதவிக்கு ஆட்கள் உண்டு, சட்டமும் உண்டு.

ஐந்தாவது: செபம்

மாலையில் செபமாலை சொல்ல அம்மாவும் பிள்ளைகளும் முழங்காலில் இருக்கிறார்கள். அப்பா நாற்காலியில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சில வீடுகளில் அம்மாவின் கையிலும் ஒரு பக்கம் செபமாலை, மறு பக்கம் செல்போன்! பெண்பிள்ளைகளும் சிறுவர்களும் செய்கிற வேலை செபம், மீசை முளைத்ததும் அதை விட்டுவிடலாம் என்று பையன் படித்துக்கொள்கிறான். பதினெட்டு வயதில் அவன் பூசை நேரத்தில் கோயில் வாசலில் நிற்கிறானே என்று பிறகு வருந்துகிறோம். அந்த இடத்தை அவனுக்கு முன்னமே காட்டிக்கொடுத்தது யார்?

போலந்து நாட்டிலே ஒரு சிறுவன் இருந்தான். ஒன்பது வயது நிறையுமுன்பே தாயை இழந்தான். மூன்று ஆண்டுகள் கழித்து அண்ணனையும் இழந்தான். ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியான தந்தையோடு தனியே வளர்ந்தான். இரவில் சில வேளை விழித்துப் பார்க்கும்போது தந்தை முழங்காலிலிருந்து செபித்துக்கொண்டிருப்பதைக் காண்பான். அந்தச் சிறுவன்தான் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர். 1996ஆம் ஆண்டு தம் குருத்துவப் பொன்விழாவை முன்னிட்டு எழுதிய நூலில் அவர் இதை நினைவுகூர்ந்தார். குருவாவதைப் பற்றித் தந்தையும் தாமும் பேசிக்கொண்டதே இல்லை, ஆயினும் தந்தையின் முன்மாதிரிகையே தமக்கு முதல் குருமடம்போல் இருந்தது என்று எழுதினார். பாருங்கள், அந்தத் தந்தை மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரசங்கம் செய்யவில்லை. மகன் தூங்குகிறான் என்று நினைத்துத்தான் செபித்துக்கொண்டிருந்தார்!

பிரான்சு நாட்டின் லூயி மார்ட்டின், செலி தம்பதியரையும் நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை தெரேசம்மாளின் பெற்றோர் இவர்கள். அவர் கடிகாரக் கடை வைத்திருந்தார். அவர் மனைவி பின்னல் லேசுத் தொழில் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் நன்றாக நடக்கக்கூடிய நாள் என்று தெரிந்தும் அன்று அவர் கடையைத் திறப்பதில்லை. ஒன்பது பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தார்கள். எஞ்சிய ஐந்து பெண்களும் கன்னியரானார்கள். அவர்களிலும் லெயோனி என்ற மகள் பெற்றோருக்கு மிகுந்த கவலை தந்தவர். மடத்துக்குப் போய்ப் பலமுறை திரும்பி வந்தவர். புனிதர்களின் வீட்டிலும் அடங்காத பிள்ளை உண்டு என்று நீங்கள் ஆறுதல் கொள்ளலாம். 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி இந்தத் தம்பதியர் இருவரும் ஒன்றாகவே புனிதராக உயர்த்தப்பட்டார்கள்.

குறையுள்ள பெற்றோர் என்ன செய்வது?

இவ்வளவும் கேட்டபின், "சாமி, நாங்கள் சாதாரண மனிதர்கள். எங்களிடம் ஆயிரம் குறைகள். எங்களைப் பார்த்துப் பிள்ளைகள் எப்படி நல்லவர்களாக வளர்வார்கள்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்வி.

வேதாகமத்திலே ஏலி என்ற குருவைப் பற்றிப் படிக்கிறோம். அவருடைய மக்கள் ஆண்டவருக்குச் செலுத்தவேண்டிய பலியிலிருந்து நல்ல இறைச்சியைத் தமக்கென்று பறித்துக்கொண்டார்கள். ஏலி அவர்களுக்குப் புத்தி சொல்லாமல் இல்லை, சொன்னார். ஆயினும் ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டபோது, அந்தக் காணிக்கைகளால் நீங்கள் கொழுத்துப்போனீர்கள் என்று அவரையும் சேர்த்தே குற்றஞ்சாட்டினார். வாய் கண்டித்தது, அவர் உடம்போ அந்தப் பங்கில் கலந்திருந்தது. ஏலி ஒரு குரு என்பதால் இந்த எச்சரிக்கை முதலில் குருக்களாகிய எங்களுக்கு, பிறகுதான் உங்களுக்கு.

ஏலியின் குறை, தவறு செய்தது மட்டுமல்ல; தவறிலிருந்து திரும்பாததும்தான். முன்மாதிரியாக இருப்பது என்றால் தவறே செய்யாதவராக இருப்பது என்று பொருளல்ல. தவறியபோது என்ன செய்யவேண்டும் என்பதையும் பிள்ளை யாரிடமாவது பார்த்துத்தான் கற்கவேண்டும். காரணமில்லாமல் பிள்ளையை அடித்துவிட்டீர்களா? அன்று இரவே அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா செய்தது தப்பு, மன்னித்துக்கொள்" என்று சொல்லுங்கள். உங்கள் மரியாதை குறைந்துபோகாது. மன்னிப்புக் கேட்பது அவமானமல்ல என்று அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்கும்.

பாவசங்கீர்த்தன நாட்களில் நான் பார்ப்பதுண்டு. பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துவிட்டுப் பெற்றோர் மரத்தடியில் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த முறை நீங்களும் அந்த வரிசையில் நில்லுங்கள். அப்பாவும் முழங்காலிட்டுத் தம் பாவங்களைச் சொல்கிறார் என்பதைக் காண்பதைவிட மேலான தயாரிப்பு புதுநன்மைக்கு வேறு கிடையாது. நான் நடத்தும் பத்து வகுப்புகள் அதற்கு ஈடாகா.

பிள்ளை ஏற்கெனவே வழிதவறிப் போய்விட்டதே என்று கலங்குகிற தாய்மாரும் இங்கே இருக்கக்கூடும். புனித மோனிக்கம்மாளை நினையுங்கள். கணவர் முன்கோபி, கிறிஸ்தவராகாதவர். மகன் அகுஸ்தீன் அறிவிலே சிறந்தவர், ஆனால் தாயின் விசுவாசத்தை விட்டு வெகுதூரம் போனவர். மோனிக்கம்மாள் செபத்தையும் விடவில்லை, மகனையும் விடவில்லை. கணவர் சாகுமுன் கிறிஸ்தவரானார். மகன் 387ஆம் ஆண்டு மிலான் நகரிலே புனித அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் தாயும் நிம்மதியாகக் கண்ணை மூடினார். பிள்ளை பார்த்தது வீண்போவதில்லை. பலன் தரும் காலத்தை மட்டும் நாம் குறிக்க முடியாது.

தந்தை வளைகுடா நாட்டில், தாய் மட்டும் இங்கே என்ற குடும்பங்களும் நம் பங்கில் உண்டு. தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் உண்டு. யார் அருகில் இருக்கிறார்களோ, அவர்கள்தாம் அந்தப் பிள்ளைக்குத் திறந்த புத்தகம். புனித சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் யூனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசமே அவரிடமும் இருக்கிறது என்று நினைவூட்டுகிறார். தூர தேசத்திலிருக்கும் தந்தையரும் தொலைபேசியில் மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்காமல், பிள்ளையோடு ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்லிவிட்டுப் பேச்சை முடிக்கலாமே!

பொன்விழாத் தீர்மானங்கள்

பேசிக் கலைந்துவிட்டால் பயனில்லை. ஆகவே இந்த ஆண்டுக்கென்று நான்கு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: நாளுக்கு ஒரு வேளையாவது குடும்பம் முழுவதும் சேர்ந்து உண்பது. அந்த நேரத்தில் தொலைக்காட்சியும் செல்போனும் வேண்டாம்.

இரண்டு: இரவு செபத்தைத் தந்தையே தொடங்கிவைப்பது. ஐந்து நிமிடமானாலும் போதும்.

மூன்று: பிள்ளையைப் பொய்க்குத் தூது அனுப்புவதில்லை என்று உறுதிகொள்வது.

நான்கு: தருமத்தைப் பிள்ளையின் கை வழியாகச் செய்வது. தொபியாசு ஆகமத்திலே ஓர் அழகான காட்சி உண்டு. திருவிழா நாளன்று நல்ல விருந்து ஆயத்தமாயிருக்கிறது. தொபித்து அதைத் தொடுமுன் தம் மகனை அழைத்து, நம் மக்களில் ஏழை ஒருவரைத் தேடி அழைத்து வா, சேர்ந்து உண்போம் என்று அனுப்புகிறார். பிற்பாடு அதே தந்தை தருமத்தைப் பற்றி மகனுக்கு நீண்ட புத்திமதி சொல்கிறார். அந்தப் புத்திமதிக்கு வலிமை உண்டு. ஏனெனில் மகன் அதை ஏற்கெனவே கண்ணால் கண்டிருக்கிறான். நீங்களும் திருவிழா நாளில் பக்கத்துத் தெரு விதவைத் தாய்க்குச் சோறு அனுப்பினால், பிள்ளையின் கையிலே கொடுத்து அனுப்புங்கள்.

அன்பார்ந்த பெற்றோர்களே, இந்தக் கோயிலைக் கட்டிய நம் முன்னோரில் பலருக்குப் பெரிய படிப்பில்லை. பகலெல்லாம் கூலி வேலை செய்துவிட்டு, மாலையில் வந்து மண் சுமந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளை உட்காரவைத்துத் தியாகத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கு நேரமுமில்லை, அது தெரியவும் தெரியாது. பிள்ளைகள் கூடவே வந்து சிறு கூடையில் மண் தூக்கினார்கள். அந்தப் பிள்ளைகள்தாம் இன்று நம் பங்கின் தாத்தா பாட்டிகள். தினமும் காலைப் பூசைக்கு முதல் மணி அடிக்குமுன் வந்து நிற்கிறவர்கள் அவர்களே.

இதோ, வெளியே கோயில் முற்றத்திலே உங்கள் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கிறது. இன்னும் 50 ஆண்டுகளில் இந்தப் பங்கு நூற்றாண்டு விழாக் கொண்டாடும். அப்போது நாம் யாரும் இருக்கப் போவதில்லை. இந்தப் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த விழா மலரில் அவர்கள் நம்மைப் பற்றி எழுதுவார்கள். நாம் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை மறந்திருப்பார்கள். நாம் செய்ததை மறந்திருக்க மாட்டார்கள்.

பேசாமல் போதித்த புனித சூசையப்பரும், யாவற்றையும் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்த தேவ அன்னையும் உங்களுக்காக வேண்டிக்கொள்வார்களாக. தந்தை, மகன், பரிசுத்த ஆவியாகிய எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.